கைதட்ட உத்தரவு தருபவர்

சபையில் எப்போது கைதட்ட வேண்டும் என்று நமக்குக் காட்டித்தரவே பிறந்த ஓர் இனம் உண்டு. முன்வரிசையில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் தொண்டைச் செருமலுமாக உட்கார்ந்திருக்கும். யாராவது முந்திக்கொண்டு தட்டினால் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு, தட்டிய கை தலையைச் சொறியப் போய்விடும்.

மாத்தளையில் இந்த இனத்தின் தலைவர் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் பொன்னையா. பட்டிமன்றமோ பரிசளிப்போ, அவர் கை அசையாமல் நம் கை அசையாது. பட்டம் வாங்கிய என் கையும்தான். எதற்குத் தட்டுவது என்று பல்கலைக்கழகத்தில் ஏனோ சொல்லித்தரவில்லை.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், சீகிரியா ஹோட்டலுக்கு வாசிக்க வந்த எட்டு வெள்ளைக்காரர்கள், நாலந்தா சோதனைச் சாவடியில் ஆளுயரப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது வயலினின் அண்ணன்தான் என்று நிரூபித்துவிட்டு, எங்கள் பாடசாலை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஐந்து தந்தி வாத்தியம், மூன்று ஊதும் வாத்தியம், ஆறு பகுதிகளாக ஒரே உருப்படி. சபை கடைசிவரை இருந்து ரசித்தால் பாடசாலை பேண்டுக்கு ஒரு கிளாரினெட் தருவதாக வாக்கு. சங்கீத ஆசிரியை ஸக்கியா டீச்சர் அதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எட்டுப் பேரும் சுருதி சேர்த்தார்கள். பொன்னையா கண்ணை மூடி ஒரு விரலை மடக்கினார்.

"ஆலாபனை. ஒண்ணு முடிஞ்சிருச்சு. நடுவுல யாரும் தட்டிறாதீங்க, அவங்க ஊருல அது மரியாதையில்ல. ஆறு முடிஞ்சதும் நானே தட்டுவேன்."

தட்டினார். ஐந்தாம் பகுதி முடிந்ததும். மண்டபமே அதிர்ந்தது. மேடையேறி, கொம்பு ஊதியவருக்கு மாலை போட்டு, நன்றியுரையும் தொடங்கிவிட்டார். ஜனம் பஸ்ஸுக்கு எழுந்தது. கிளாரினெட்காரர் பதறிப்போய் ஒரு விரலைக் காட்டினார்.

"பாத்தீங்களா! நம்ம சபை நம்பர் வன்னுங்கிறாரு!" என்று பொன்னையா பூரித்தார்.

ஸக்கியா டீச்சர் ஓடிப்போய்க் கதவை மறித்தார்.

"எல்லாரும் இரிங்க! இன்னும் ஒண்டு இரிக்கி! ஆலாபனையுமில்ல, ஒண்டுமில்ல, அது சுருதி சேத்தது! வெளிய போனா ஒங்கட புள்ளைகள பேண்டுல இருந்து வெட்டிருவேன்!"

இருந்தோம். மாலையோடு கொம்பு ஊதியது. ஆறாவதும் முடிந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது.

ஒரு கையும் அசையவில்லை. எல்லோரும் பொன்னையாவைப் பார்த்தோம். அவர் கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். நானா? என் உள்ளங்கை அரித்தது. நானும் அவரையே பார்த்தேன். மேடையில் முகங்கள் தொங்கின. கிளாரினெட்காரர் பரிசுக் கிளாரினெட் இருந்த பெட்டியை மூடப் போனார். டீச்சர் கண் கலங்கிவிட்டது.

"என்னாங்க, மசமசன்னு குந்தியிருக்கீங்க? நல்லாத்தானே ஊதுனாங்க!" என்று கேட்டபடி, பின்வரிசையிலிருந்து, மண்டபம் கூட்டும் வேலம்மா தட்டினார். பிறகு நாங்களும் வீரர்களானோம்.

கிளாரினெட் கிடைத்தது. வாசலில் பொன்னையா சொன்னார்: "வேணும்னுதான் தட்டாம இருந்தேன். ஜனங்களும் பழகணுமில்ல?"

சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் இருப்பவர், சிரிக்கலாமா என்று உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.