மார்ல்கோட் முதற்பலகைப் போர்

"ஆமா ஏவ்ரில், உங்க சொந்த ஊரு எதுன்னு சொன்னீங்க?"

தபால் நிலைய வரிசையில் நின்றபடி மியூரியல் ஹேசில்டீன் இப்படிக் கேட்ட நாளில், ஏவ்ரில் பாஸ்க் மார்ல்கோட்டுக்குக் குடிவந்து முப்பத்தோர் ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன. கேள்வி அம்பெனப் பாய்ந்தது. தைத்த அம்பைப் பிடுங்காமலே, இரண்டு தபால்தலைகளை வாங்கிக்கொண்டு, வானிலையைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லி, அவள் வீடு திரும்பினாள். அன்று தொடங்கியது எட்டாண்டுப் போர்.

வாழ்க ஏவ்ரில்! மழையங்கியைக் கவசமாகப் பூண்டவள். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மார்பில் ஆரமெனத் தவழவிட்டவள். ஆவணக் காப்பகத்துக்குள் பேனாவுக்கு அனுமதியில்லை என்பதால் கூர்சீவிய பென்சில் ஒன்றையே வேலாக ஏந்தியவள். செத்துப்போன அறுநூறு பேரின் பிறந்தநாள்களைத் தலைகீழாக ஒப்பிப்பவள், கட்டிய கணவனின் பிறந்தநாளை மட்டும் இருமுறை மறந்தவள்! கல்லறைகள்மேல் படர்ந்த பாசியே, சபைப் பதிவேட்டின் மைக்கறையே, எலி கொறித்த தோலட்டையே, அவள் கதையைச் சொல்லப் புகுந்தோம். பிழை வராமல் காத்தருள்வீர்!

மார்ல்கோட்டின் சட்டம் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. எல்லார் நெஞ்சிலும் இருக்கிறது. அவ்வூரில் உயிரோடு வாழ்வதால் ஒருவர் அவ்வூர்க்காரர் ஆகிவிட முடியாது. தேவாலயக் கல்லறைத் தோட்டத்து மண்ணுக்கடியில் அவருக்கு ஆள் வேண்டும். மியூரியலுக்கு யூ மரத்தடியில் மட்டும் பதினான்கு ஹேசில்டீன்கள் படுத்திருந்தார்கள். ஏவ்ரிலோ குன்றுக்கு அப்பால், மூன்று மைல் தொலைவில் இருக்கும் ஹின்ட்பரியில் பிறந்தவள். மூன்று மைல்! கடல் தாண்டி வந்தவர்களையாவது மார்ல்கோட் மன்னித்துவிடும். ஹின்ட்பரியிலிருந்து வந்தவர்களை மன்னிப்பது கடினம்.

ஆண்டுதோறும் செப்டம்பரில் ஊர் மண்டபத்தில் வரலாற்றுக் கண்காட்சி நடக்கும். வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில், நுழைவோர் கண்ணில் முதலில் படுமாறு ஒரே ஒரு பலகை தொங்கும். அது ஊரின் மூத்த குடும்பத்துக்கு உரியது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே அரசோச்சியது ஒரே மெய்க்கீர்த்தி: 'ஜெரமையா ஹேசில்டீன், ஞானஸ்நானம் 1701 நவம்பர் 2.' அதைவிடப் பழைய பெயரைக் காட்டுபவர் அந்தப் பலகையை இறக்கலாம் என்பது உள்ளூர் வரலாற்றுக் கழகத்தின் விதி. எவரும் காட்டியதில்லை.

ஏவ்ரில் காட்ட நினைத்தாள். அவள் தாயைப் பெற்றவள் கஃப்லி குடும்பத்தில் வந்தவள். அந்தக் கஃப்லிகள் ஒருகாலத்தில் மார்ல்கோட்டிலேயே ஏர் பிடித்தவர்கள் என்பதற்கு உயில்கள் இருந்தன, திருமணப் பதிவுகள் இருந்தன, பன்றி ஒன்றைக் களவாடியதற்கான தண்டனைக் குறிப்பும் இருந்தது. தாமஸ் கஃப்லி என்னும் மூத்தவனின் ஞானஸ்நான வரி ஒன்றுதான் கிடைக்கவில்லை. அந்த ஒரு வரி கிடைத்தால் அவள் மார்ல்கோட்காரி; இல்லையேல் சாகும்வரை ஹின்ட்பரிக்காரி.

அவ்வரி உறங்கும் பழம்பதிவேட்டின் மைக்ரோஃபிலிம் படச்சுருள் அந்த மாதம் காப்பகத்திலிருந்து மண்டபத்துக்கு இரவலாக வந்திருந்தது. அதைப் பார்க்க ஒரே கருவி. கருவிக்கு ஒரே நாற்காலி. அந்த நாற்காலியின்மேல், புதன்தோறும் காலை பத்து மணிக்கு, கோட்டைக் கொடியென வந்து விழும் மியூரியலின் ஊதா நிறக் கம்பளிச் சட்டை! சட்டையை எறிந்துவிட்டு அவள் அடுக்களைப் பக்கம் போய் ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவாள். பேசினால் என்ன? பிறர் சட்டை கிடக்கும் நாற்காலியை அந்நாட்டில் அரசனும் தொடமாட்டான். மூன்று புதன்கிழமைகள் ஏவ்ரில் அச்சட்டையின் முன் நின்றாள். மூன்று முறையும் பின்வாங்கினாள்.

நான்காவது புதன் வந்தது. சனிக்கிழமை கண்காட்சி, அந்தப் புதன் மாலையே சுருள் காப்பகம் திரும்பவேண்டும். கன்னங்கள் சிவக்க, காதுகள் கனல, மதயானையின் துதிக்கையைப் பற்றும் வீரனைப்போல ஏவ்ரில் அந்தச் சட்டையை இரு விரலால் பற்றினாள், தூக்கினாள், அப்பால் வைத்தாள், அமர்ந்தாள்! அடுக்களையில் கோப்பைகளின் ஒலி அடங்கியது. மியூரியல் வாயிலில் தோன்றினாள்.

"அந்த நாற்காலியில என் சட்டை கெடந்துச்சே, ஏவ்ரில் கண்ணு?"

"கெடந்துச்சு மியூரியல். பாவம், குளிர்ல நடுங்குச்சு. ரேடியேட்டர் மேல போட்டிருக்கேன்."

"ரொம்ப அக்கறைதான் உங்களுக்கு."

"இல்லீங்களா பின்னே."

இதைவிடக் கடுமையான சொற்போர் மார்ல்கோட்டில் மன்னன் முதலாம் சார்லசின் தலை விழுந்த காலத்துக்குப்பின் நடந்ததில்லை. கழகச் செயலாளர் கிளிஃபர்ட் ஆம்ப்ளர், சமாதானத் தூதராகப் பிஸ்கட் தட்டை இருவருக்கும் நடுவே நீட்டினார். எவரும் எடுக்கவில்லை.

ஏவ்ரில் சுருளைச் சுழற்றினாள். ஞானஸ்நானங்களும் அடக்கங்களும் வெள்ளமெனப் புரண்டன. பாதிரியாரின் கையெழுத்து கோழி கிளறிய மணலாகக் கிடந்தது. கண் கரித்தது, கழுத்து இற்றது, சுருள் இருமுறை சிக்கி ஒருமுறை தலைகீழாக ஓடியது. பன்னிரண்டு மணியடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில், உருப்பெருக்கிய வட்டத்துக்குள், எலியின் பல்லுக்கு ஒரு நூலிழை தப்பி, அவன் எழுந்து வந்தான்: தாமஸ் கஃப்லி, பிப்ரவரி 9, 1701!

ஏவ்ரில் எழுந்தாள். அவள் குரல் மண்டபத்துக் கூரையை எட்டியது.

"கழகத்தாருக்குச் சொல்றேன், கேட்டுக்குங்க! எங்க தாமஸ் கஃப்லி, ஆயிரத்து எழுநூத்தி ஒண்ணு, பிப்ரவரி ஒம்போது! நவம்பருக்கு ஒம்போது மாசம் முந்தி! அந்தப் பலகை எங்களது!"

மியூரியல் வந்தாள். குனிந்தாள். வட்டத்துக்குள் இருந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு, அரியணை விட்டிறங்கும் அரசிக்கு உரிய நிமிர்வோடு முக்காலியில் ஏறி, சுவரின் மரச்சட்டத்துக் கொக்கிகளிலிருந்து பலகையைத் தானே கழற்றி இறக்கினாள். வேறு எவரும் உதவ அவள் விடவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தூசி படாத சுவர் அங்கே வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. கழக உறுப்பினர் ஐவரும் கைதட்டினார்கள். ஆறாமவர் காது கேட்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு, நடந்ததைக் கேட்டறிந்து, தாமதமாகத் தட்டினார்.

"டீ ஆறுது, யாருக்குமே வேணாமா?" என்றார் கிளிஃபர்ட்.

வெற்றித்திருமகள் தோளில் வந்து அமர்ந்த அந்நேரத்தில், சுவரில் குத்துவதற்கென ஏவ்ரில் முழுப் பக்கத்தையும் அச்செடுத்தாள். வெதுவெதுப்பான தாள் கைக்கு வந்தது. அதுவரை வட்டத்துக்குள் ஒரு வரியை மட்டுமே பார்த்திருந்த அவள் கண்கள் இப்போது மேலே ஏறின. தாமசுக்கு எட்டு வரி மேலே, அதே பாதிரியாரின் அதே கோழிக்கிளறலில், நவம்பர் 2, ஜெரமையா ஹேசில்டீன்.

நவம்பர் மேலே. பிப்ரவரி கீழே.

இடி விழுந்த பனைபோல் நின்றாள் ஏவ்ரில். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது ஜனவரியிலா? மார்ச் இருபத்தைந்தில் அன்றோ! மார்ச்சில் தொடங்கிய 1701இல் நவம்பர் முன்னே வரும். அதன் வால்மாதம்தான் பிப்ரவரி. இதைத்தான் சென்ற குளிர்காலத்தில், புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்கு, பன்னிரண்டு பிஸ்கட்டுகளை மேசையில் அடுக்கி, "இந்தத் தப்ப மட்டும் பண்ணிடாதீங்க" என்று அவளே விரல் நீட்டிப் பாடம் நடத்தினாள்.

அவள் நெஞ்சில் இரு படைகள் அணிவகுத்தன. பக்கத்தின் மேற்பாதியை மடித்துக் குத்தினால் போதும் என்று முழங்கியது ஒரு படை. எட்டு வரிதான், எவர் பார்க்கப்போகிறார்கள், முப்பத்தொன்றும் எட்டும் கூட்டிப்பார், உனக்கு உரிமையில்லையா என்றது. மற்றப் படையில் ஒரே ஒரு வீரன். பன்றி திருடிய கஃப்லிகூட நீதிபதிமுன் நின்று 'நான்தான் எடுத்தேன்' என்று ஒப்புக்கொண்டிருந்தான். ஏவ்ரிலின் விரல்கள் தாளை மடித்தன. மடிப்பை நகத்தால் ஒருமுறை அழுத்தவும் செய்தன. பிறகு பிரித்தன.

"மியூரியல், பலகைய அடுக்களைக்குக் கொண்டு போயிடாதீங்க."

"ஏன், இன்னும் எதாவது பாக்கியா?"

"உங்காளுதான் மூத்தவரு. மூணு மாசமும் ஒரு வாரமும். மார்ச் கணக்க மறந்துட்டேன்."

தாள் கைமாறியது. கிளிஃபர்ட் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, பிஸ்கட் வெச்சு எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானேம்மா!"

"நானேதான். கொஞ்சம் வாய மூடுங்க கிளிஃபர்ட்."

தோற்ற பகைவர் தலையில் வென்ற வேந்தர் கால்வைத்த கதைகள் உண்டு. கோட்டையை இடித்துக் கழுதை ஏர் பூட்டி வரகு விதைத்த கதைகள் உண்டு. சிங்கம் தன்முன் விழுந்த மானை என்ன செய்யும், புயல் ஒற்றை விளக்கை என்ன செய்யும், முந்நூறு ஆண்டு ஹேசில்டீன் குருதி கொதிக்கும் அந்த எழுபத்தாறு வயதுப் பேரரசி, எதிரி தானே நீட்டிய வெற்றியைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன முழங்கப்போகிறாள் என்று உயிரோடிருந்தவர் எண்மரும் மண்ணுக்கடியில் இருந்தவர் அறுநூற்றுவரும் செவிசாய்த்துக் காத்திருந்தார்கள்.

மியூரியல் தன் பலகையை மரச்சட்டத்தில் இரண்டடி இடப்பக்கம் தள்ளி மாட்டி, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள்.