டயல்டோன் டீச்சரும் பேசாத வகுப்பும்

மலேசியாவில் கிள்ளான் பக்கம் இணையம் எப்படி வந்தது என்று யாராவது உங்களிடம் கதை விட்டால் நம்பாதீர்கள். அமைச்சர் கொண்டுவரவில்லை, கம்பெனிக்காரர்களும் கொண்டுவரவில்லை. அது ஒரு பழைய ஜப்பான் காரின் பின்சீட்டில், தலையணை மேல் உட்கார்ந்து, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தது. ஓட்டி வந்தவர் டயல்டோன் டீச்சர். வழியில் பள்ளத்தில் விழுந்து கார் குலுங்கினால், சட்டென்று பின்னால் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்து, "அடிகிடி பட்டுச்சா?" என்று பதறுவார். முன்சீட்டில் தலை இடித்துக்கொண்ட மனிதனை யாரும் கேட்கவில்லை. அந்த மனிதன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. காப்பார் சாலையில் ஓர் இடைநிலைப் பள்ளி. அங்கே நான் கணக்கு, அவர் தமிழ். இருவர் வீடும் பிரிக்பீல்ட்ஸ் என்பதால் அவர் காரில் எனக்கு ஒரு நிரந்தர இடம். ரயில்வே குடும்பத்துப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "கேட்டு வந்தவங்க யாரும் கேள்வி கேக்கல சார், அவங்களே பேசிட்டுப் போய்ட்டாங்க" என்பார். பருத்திச் சேலை, கான்வாஸ் ஷூ. கைப்பையைத் திறந்தால் பைபிளும் ஸ்க்ரூ டிரைவரும் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு படுத்திருக்கும்.

இந்த உலகத்தில் அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. ஆசிரியர் மட்டும் பேசுகிற வகுப்பு.

"நான் மட்டும் பேசறதுக்கு நான் எதுக்கு சார்? ரேடியோவ வெச்சிட்டுப் போலாமே லா!"

ஆனால் ஆண்டவன் அவருக்குக் கொடுத்தது, வருடக் கடைசியில் அரசாங்கப் பரீட்சை எழுத வேண்டிய ஐந்தாம் படிவத் தாய்மொழி வகுப்பு. செம்பனை எண்ணெய்த் தோட்டங்களிலிருந்து பள்ளி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து, வகுப்பில் விழித்துக்கொண்டே தூங்குகிற பிள்ளைகள். வெளியே மாங்காய் அடிக்கும்போது ஊரே அதிரும்படி கத்துவார்கள். உள்ளே வந்தால் வாயில் பூட்டு. "யாருக்காவது ஏதாச்சும் கேக்கணுமா?" என்று டீச்சர் ஒவ்வொரு நாளும் கேட்பார். முருகேசு என்ற பையன் மட்டும் கை தூக்குவான்.

"டீச்சர், டாய்லெட் போலாமா?"

அதுதான் அந்த வகுப்பின் கலந்துரையாடல்.

டீச்சர் விடுவாரா? முதலில் டேப் ரெக்கார்டர் வந்தது. பக்கத்து வீட்டுச் சண்டையைப் போல ஒரு நாடகத்தை அவரே இரண்டு குரலில் பேசிப் பதிவு செய்து, பாதியில் நிறுத்தி, "இப்ப யாரு பக்கம் நியாயம்?" என்று கேட்டார். யாரும் வாய் திறப்பதற்கு முன் டேப்பை மெஷின் மென்று விழுங்கிவிட்டது. அடுத்து, சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர். அதைப் போட்ட அடுத்த நிமிடம் பள்ளியின் பாதிக் கட்டிடத்துக்குக் கரண்ட் போனது. இருட்டில் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அப்புறம்தான் கம்ப்யூட்டரும் மோடமும்.

இன்றைய பிள்ளைகளுக்கு மோடம் என்றால் தெரியாது. டெலிபோன் கம்பி வழியாக இணையத்தைக் கூப்பிடுகிற ஒரு சின்னப் பெட்டி. கூப்பிடும்போது அது போடுகிற சத்தம் இருக்கிறதே, தகரக் கொட்டகையில் பத்துப் பூனைகளை அடைத்து வைத்தது போல இருக்கும். டீச்சர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பது போலக் கேட்பார். "இல்ல சார், இது புடிக்காது... கீழ்ஸ்தாயில முடியுது பாருங்க" என்று சொன்னால் தொடர்பு கிடைக்காது. "ஆ, இப்ப புடிக்கும்!" என்றால் கிடைத்துவிடும். சில நாளில் அவரே அந்தச் சத்தத்தைத் தொண்டையில் எடுத்துக் காட்டுவார். பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

பள்ளியில் இருந்ததோ ஒரே ஒரு டெலிபோன் லைன். அதுவும் அலுவலகத்தில். டீச்சர் தலைமையாசிரியர் அறைக்குப் போய் நின்றார். அவர் ஒரு சாதுவான மலாய்க்காரர், யாரையும் மறுத்துப் பேசத் தெரியாதவர். புதன்கிழமை ஓய்வு நேரத்துக்குப் பிறகு இரண்டு பாடவேளை லைனை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். டீச்சர் கிள்ளான் டவுனில் ஓர் இரும்புக்கடையில் இருந்த டெலிபோன் ஒயரை மொத்தமாக வாங்கி வந்தார். அலுவலக ஜன்னலில் புறப்பட்ட ஒயர் நடைபாதையைத் தாண்டி, கேன்டீன் கூரையடியில் தொங்கி, என் வகுப்பு வாசலைக் கடந்து, டீச்சர் வகுப்புக்குப் போனது.

முதல் புதன்கிழமை அலுவலகக் கிராணி, அதாவது குமாஸ்தா, காக் யாம் என்ற மலாய்ப் பெண்மணி வழக்கம்போல யாருக்கோ போன் செய்ய ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். மறு நொடி, "ஹந்து! ஹந்து!" என்று பேயைக் கண்டது போல அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். அன்றிலிருந்து புதன்கிழமைகளில் அந்த ரிசீவரைத் தொட வேண்டுமென்றால் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் தொடுவார்.

இன்னொரு புதன் சத்தம் சரியாக இல்லை. டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு ஒயரைப் பிடித்தபடியே நடந்தார். கேன்டீன் பக்கம் வந்தால், ஒயர் முழுக்கக் கரித்துணி, நடுவில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை.

"ஆன்டி! இது லண்டன் போற லைன் ஆன்டி! இதுல துணி காயப் போட்டிருக்கீங்களே!"

கேன்டீன் ஆன்டி மீ நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "லண்டன்லதான் வெயிலே இல்லையாமே டீச்சர். இங்கயாச்சும் காயட்டும் லா."

லண்டன் என்றது சும்மா இல்லை. அங்கே சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஓர் ஆசிரியையை டீச்சர் இணையத்தில் தேடிப் பிடித்திருந்தார். அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் மின்னஞ்சல் எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு. எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழை அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

லண்டனிலிருந்து முதல் கேள்வி வந்தது: உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள்? டீச்சர் உற்சாகமாக வகுப்பைப் பார்த்தார். நீண்ட யோசனைக்குப் பிறகு முருகேசு, "சோறு" என்றான். வேறு யாரும் எதுவும் சேர்க்கவில்லை. அந்த ஒற்றைச் சொல் கண்டம் விட்டுக் கண்டம் தாண்டி லண்டன் போய்ச் சேர்ந்தது. அன்று காரில் திரும்பும்போது டீச்சர் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் பக்கத்தில் பங்சார் வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"இவ்ளோ ஒயர் இழுத்தேனே சார். ஒரு வார்த்தையா?"

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "சோறும் நல்ல வார்த்தைதான் டீச்சர்" என்றேன். அவர் முறைத்த முறைப்பில் கார் பக்கத்துப் பாதைக்குப் போய் வந்தது.

அதற்கப்புறம் வந்த ஒரு புதன்கிழமையை நான் மறக்க மாட்டேன். நான் என் வகுப்பில் இருபடிச் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். அதே நேரம் டீச்சர் வகுப்பில் லண்டன் கடிதம் வந்திறங்கியது; முதலில் நடந்ததை அவர் பிறகு காரில் சொன்னார். திரையைச் சுற்றிப் பிள்ளைகள். முருகேசுதான் படிக்க வேண்டிய முறை. திரையில் இப்படி இருந்தது: engal palliyai idikkap pogirargal. naangal enna seyvathu?

முருகேசு கணீரென்று படித்தான். "எங்கள் பல்லியை இடிக்கப் போகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல். "லண்டன்ல பல்லி இருக்கா?"

"அந்தக் குளிருக்குப் பல்லி செத்துரும்டா!"

"ஹீட்டர் வெச்சிருப்பாங்கடா, அதுக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"பல்லிய அடிப்பாங்க. யாராச்சும் இடிப்பாங்களா? அது என்னா மிளகாயா?"

"ஒரு பல்லிக்குப் போயி நம்மகிட்ட ஐடியா கேக்குறாங்களே, அவங்களுக்கு வேற வேல இல்லியா?"

டீச்சர் திருத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து நின்றுவிட்டார். அத்தனை மாதமாகக் கேட்கக் காத்திருந்த சத்தம் அது. பல்லியைப் பற்றியதாக இருந்தால் என்ன?

அப்போது செல்வி எழுந்தாள். வருகைப் பதிவுக்கு "ஹாடிர்" என்று சொல்வதைத் தவிர அந்த வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. அவள் அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர்.

"பல்லி இல்லடா. பள்ளி. அவங்க பள்ளிய இடிக்கப் போறாங்க."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. செல்வி உட்காரவில்லை. மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்க லயத்து வீடுங்களையும்தான் இடிக்கப் போறாங்க. ஃபேக்டரி வருதாம்."

"எங்க தோட்டத்துலயும் அப்படித்தான் சொல்றாங்க" என்றான் ஒருவன். பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. போகத்தான் வேண்டும், ஃப்ளாட் வீடு கொடுப்பார்கள், தண்ணீர் குழாய் உள்ளேயே வரும் என்றது ஒரு கட்சி. எதற்குப் போக வேண்டும், தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம் என்றது இன்னொரு கட்சி. "ஃப்ளாட்ல எங்க மாட்ட எங்கடா கட்டுறது? மூணாவது மாடியிலயா?" என்று முருகேசு மேசையில் குத்தினான். பேப்பருக்கு எழுதச் சொல்லலாம் என்றாள் ஒருத்தி. எழுதினால் யார் படிப்பார்கள் என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

என் வகுப்பில் சுண்ணாம்புக்கட்டி கையில் நின்றுபோனது. நானும் என் பிள்ளைகளும் ஜன்னலில் தொற்றிக்கொண்டோம். சண்டை என்று நினைத்துத் தலைமையாசிரியர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் தொப்பியும் ஃபைலுமாக ஒரு கல்வி இலாகா அதிகாரி. ஓய்வு நேரம் முடிந்ததிலிருந்து பள்ளிக்குப் போன் போட்டுப் போட்டுக் கிடைக்காமல், என்னவோ ஏதோ என்று நேரிலேயே வந்திறங்கியவர்.

"சிக்கு, என்ன சத்தம் இது?" என்று மலாயில் கேட்டார் தலைமையாசிரியர். மலாயில் சிக்கு என்றால் டீச்சர், துவான் என்றால் ஐயா.

"டிஸ்கஷன், துவான்!" என்றார் டீச்சர். மாரியம்மன் கோயில் தேரைக் காட்டுவது போல வகுப்பைக் கையால் காட்டினார். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. டீச்சர் மலாயில் விஷயத்தை விளக்கிவிட்டு, அத்தோடு விடாமல், "துவான், நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டுவிட்டார். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு கடைசி வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் இருந்த தன் வீட்டைப் பிரித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மணி அடித்தது. யாரும் எழவில்லை.

போகும்போது அவர் தலைமையாசிரியரிடம் இரண்டு விஷயம் சொன்னார். வகுப்பு ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் டெலிபோன் வேண்டும்.

ஆக, ஒயரைச் சுருட்ட வேண்டியதாயிற்று. கேன்டீன் ஆன்டிக்குத்தான் அதிக வருத்தம். டீச்சர் துவண்டுவிடுவார் என்று நான் பயந்தேன். அவரோ, பிள்ளைகள் எழுதுவதை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், தன் சொந்த டெலிபோனில் லண்டனுக்கு அனுப்பினார். பதிலை மறுபடி ஃபிளாப்பியில் கொண்டுவந்தார். லண்டன்காரர்களின் கட்டிடம் போனது போனதுதான். ஆனால் ஒரு தேவாலயத்தின் பின்கூடம் கிடைத்தது, அங்கே வகுப்பு தொடர்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்று நம் பிள்ளைகள் கை தட்டினார்கள். முருகேசு, "பல்லி பொழச்சிருச்சு டீச்சர்!" என்றான்.

சில வாரம் கழித்துச் செல்வியின் அப்பா பள்ளிக்கு வந்தார். லோரியை வாசலில் நிறுத்திவிட்டு, ஆசிரியர் அறைக்குள் கைகட்டி நின்றார்.

"டீச்சர், என் பொண்ணுக்கு என்னா செஞ்சீங்க? வாய மூட மாட்டேங்குது. எது சொன்னாலும் 'ஏன்'ங்குது. நேத்து தோட்டத்துக் கூட்டத்துல மேனேஜரையே எந்திரிச்சிக் கேட்டுருச்சு. பரீட்ச வருசத்துல எங்கள ஏன் கெளப்புறீங்கன்னு."

டீச்சர் முகம் வெளுத்துப்போனது. "மேனேஜர் என்ன சொன்னாரு?"

"தலையச் சொறிஞ்சாரு. அப்பறம், புள்ளைங்க பரீட்ச முடியிற வரைக்கும் இருங்கன்னுட்டாரு."

"அப்ப எதுக்குண்ணே கம்ப்ளெய்ன்?"

"கம்ப்ளெய்ன் யாரு டீச்சர் சொன்னா? லோரில பலாப்பழம் இருக்கு. எறக்க ஆளு வேணும்."

அந்தப் பலாப்பழத்தை இறக்கியவனும் நான்தான். கம்ப்யூட்டருக்குப் பின்சீட்டு என்பதால், பிரிக்பீல்ட்ஸ் வரை அது என் மடியில் வந்தது.

லயம் கடைசியில் இடிபட்டது. பரீட்சைக்குப் பிறகுதான். பல குடும்பங்கள் தெலுக் பங்லிமா காராங் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போயின. செல்வி நல்ல தேர்ச்சி பெற்றாள்.

டீச்சர் ஓய்வு பெற்ற அன்று ஆசிரியர் அறையில் வழியனுப்பு விழா. நெய்ச்சோறு, கேக், மைக் எல்லாம் ஏற்பாடு. தலைமையாசிரியர் எழுதி வைத்த பேச்சைப் பையிலிருந்து எடுத்தார். டீச்சர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"ஸ்பீச் வேணாம் துவான். யாரு கேப்பாங்க அதெல்லாம்? கேள்வி கேளுங்க. பதில் சொல்லிட்டுப் போறேன்."

அத்தனை ஆசிரியர்களும் ஐந்தாம் படிவத்தைப் போல உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான்தான் எழுந்தேன்.

"டீச்சர், திங்கக்கிழம காலையில நீங்க இல்லாம நாங்க என்ன பண்றது?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் ரொம்ப நேரம் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, "நெக்ஸ்ட் கொஸ்டின்" என்றார்.

யாரும் எழவில்லை. எங்கள் எல்லோருக்கும் இருந்தது அந்த ஒரு கேள்விதான்.