சாக்கு மதினி கண்மாயை நிறைத்த கதை

எங்கள் சாக்கு மதினியை மட்டும் பிரம்மா ஒத்தாசைக்கு வைத்திருந்தால், கீழே சிந்திய மண்ணைக் கூட்டி அள்ளியே இன்னொரு உலகத்தைச் செய்திருப்பார். பிரம்மாவையும் விட்டிருக்க மாட்டார். "கையச் சுருக்கிப் பிடிங்க சாமி, இம்புட்டா சிந்துறது?" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பார்.

பந்தல்குடிக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. அறுபதுகளின் கடைசியில் அங்கே நான் சைக்கிள் கடை போட்டிருந்தேன். எதிரே மதினியின் பலசரக்குக் கடை. கல்லாவில் உட்காருவது அவர் வீட்டுக்காரர் அண்ணாச்சி. ஆட்சி மதினியுடையது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் முறைக்கு மதினி. மீதிப் பேர் பயத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள்.

பை கொண்டுவராமல் வந்தால் அந்தக் கடையில் பருப்பு கிடையாது. முந்தியை விரிக்க வேண்டும், இல்லையா, வீட்டுக்குப் போய்ப் பையோடு வர வேண்டும். ஒருதடவை தூத்துக்குடி லாரி டிரைவர் ஒருவர் சீனி கேட்டு வந்தார். மதினி அவர் தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்லி அதில் கொட்டிக் கொடுத்தார்.

"டவுனுல பேப்பர்ல கட்டித் தாராகளே?" என்றார் டிரைவர்.

"அந்தப் பேப்பரை அப்புறம் என்ன செய்வீக?"

"தூரப் போடுவேன்."

"தூரன்னா எங்க? அங்கயும் ஒரு ஊரு இருக்கும்ல?"

டிரைவர் சீனியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த லாரி எங்கள் ஊரில் நின்று நான் பார்க்கவில்லை.

என் கடையில் கிழிந்த டியூப் ஒன்று விழுந்தால் போதும், எதிர்க் கடையிலிருந்து "கொழுந்தனாரே!" என்று குரல் வந்துவிடும். அது மறுநாள் கதவுக்குக் கீலாகவோ அண்ணாச்சிக்கு இடுப்பு வாராகவோ ஆகியிருக்கும். குடைத்துணி பையாகும், பவுடர் டப்பா எண்ணெய் முகக்கும். கல்யாண வீட்டில் கடைசி வாய்ச் சோற்றை நாம் உருட்டும்போதே பின்னால் வந்து நிற்பார். "மெதுவாச் சாப்பிடுங்க, ஒண்ணும் அவசரமில்ல. மாடுதான் இலைக்குக் காத்துக்கிட்டு நிக்குது" என்பார். அதற்குமேல் ரசம் எப்படி இறங்கும்? இழவு வீட்டிலும் இதே கூத்துதான். "எங்க பெரியப்பா போயிட்டீகளே" என்று மாரில் அடித்து அழுதவர், அதே ராகத்தில், அதே மூச்சில், "அந்தக் கைத்தடியச் சுடுகாட்டுக்குக் கொண்டு போயிராதீகளே" என்று முடித்தார். அழுதுகொண்டிருந்த மகனே சிரித்துவிட்டான்.

இப்பேர்ப்பட்ட மதினியையே மண்ணைக் கவ்வ வைக்க ஒரு சாமான் வந்தது. அதுதான் உரச்சாக்கு.

அதுவரை எங்கள் ஊருக்குச் சணல் சாக்குதான் தெரியும். மிளகாயும் பருத்தியும் சாக்கில் ஏறி விருதுநகர் சந்தைக்குப் போகும், காலிச் சாக்கு திரும்பி வரும். ஒருவர் சாக்கை இன்னொருவர் அமுக்கிவிடக் கூடாதே என்று, வண்டிச் சக்கரத்துக்குப் பூசுகிற சிவப்புப் பெயிண்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் உண்டு. ஒரு வீட்டுக்குச் சூலம், ஒரு வீட்டுக்கு வட்டம். ஊரிலேயே அதிக நிலமுள்ள சம்சாரியான மேலவீட்டு மாமாவுக்கு மீன்.

எழுபதுகளில் உரம் வந்தது, வழவழவென்று வெள்ளை பிளாஸ்டிக் சாக்கில். கைப்பழக்கம் விடுமா? அதற்கும் எல்லாரும் பெயிண்ட் அடித்தார்கள். உரத்தைத் தூவிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதில் மிளகாயைப் போட்டால் வேர்த்துப் பூசணம் பிடித்தது. நாற்றம் வேறு. தூக்கி வரப்பில் எறிந்தார்கள். ஆடிக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது.

மதினி ஒரு சாக்கைக் குப்பைக்குழியில் புதைத்துப் பார்த்தார். மறுவருஷம் குப்பையைத் தோண்டினால், சாணி, சாம்பல், சருகு எல்லாம் மண்ணாகிக் கிடக்க, உரச்சாக்கு மட்டும் புதுப்பெண் மாதிரி எழுந்து வந்தது. மதினி அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே மேலவீட்டு வாசலுக்குப் போனார்.

"மாமா, இது மக்க மாட்டேங்குது. எரிச்சாலும் குடலைப் புடுங்குற நாத்தம். இத வரப்புல போடாதீக. எங்கிட்டக் குடுங்க."

"ஏத்தா, எங்க வீட்டுக் குப்பையும் உனக்கு வேணுமா? உனக்குச் சாக்கு மதினின்னுதான் பேரு வைக்கணும்" என்றார் மாமா. தெருவே சிரித்தது. பேர் நிலைத்துவிட்டது.

மதினி அசரவில்லை. வரப்பு வரப்பாகப் போய்ப் பொறுக்கி, அலசி, காயவைத்து, மடித்து வீட்டுக்குள் அடுக்கினார். அகப்பட்டது கொஞ்சம், காற்று கொண்டுபோனது நிறைய. அந்தக் கொஞ்சத்துக்கே வீட்டில் இருந்த ஒற்றை அறை நிறைந்துவிட்டது. அண்ணாச்சி தலையணையைத் தூக்கிக்கொண்டு கடைப் பெஞ்சுக்குக் குடிபெயர்ந்தார்.

இதற்கிடையில் மழை எங்களைக் கைவிட்டது. வருஷக்கணக்கில் கண்மாய் நிறையவில்லை. ஊரில் பாதிப் பேர் அருப்புக்கோட்டைக்கு மில் வேலைக்கும் தறி வேலைக்கும் போய்விட்டார்கள். வாங்க ஆளில்லாத ஊரில் பலசரக்குக் கடை எதற்கு? அண்ணாச்சி அருப்புக்கோட்டையில் ஒரு கடைக்குப் பேசி வைத்துவிட்டு வந்தார்.

"இந்த ஐப்பசியிலயும் கண்மாய் நிறையலேன்னா கடையப் பூட்டிருவோம்" என்றார். மதினி காலிக் கடுகு டப்பாவைத் துடைத்து அதன் இடத்திலேயே வைத்தார்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. விடிந்ததும் ஊரே கண்மாய்க்கரைக்கு ஓடினோம். கண்மாயில் கால் நனையத் தண்ணீர் இல்லை! கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் வந்த வெள்ளம், ரோட்டுக்கு அடியில் குழாய் இருக்கிற இடத்தில் கரையை அறுத்துக்கொண்டு, பக்கத்து ஊர்க் கண்மாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கரைய வெட்டிவிட்டுட்டானுக! எடுங்கலே கம்பை!" என்று மாமா குதித்தார். பக்கத்து ஊர்க்காரர்களும் கம்போடு வந்து எதிர்க்கரையில் நின்றார்கள்.

"நாங்க எதுக்கு வெட்டணும்? தண்ணி தானா வருது. வேண்டாம்னா சொல்லுவோம்?"

மண்டை உடையப் போகிற நேரம். சாக்கை மடித்து மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, கையில் கொக்கி வைத்த நீளத் தொரட்டியோடு மதினி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குழாய்க்குள் தொரட்டியை விட்டு ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளையாக ஒன்று சளக்கென்று வந்து விழுந்தது. விரித்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

"மேலவீட்டு மாமா! உங்க மீனு நீந்தி வந்துருச்சு!"

அடுத்த இழுப்புக்குச் சூலம். அதற்கடுத்து வட்டம். மறுபடி மீன். மறுபடியும் மீன். பெயிண்ட் துளிகூட மங்கவில்லை. யார் வீட்டுச் சாக்கையும் யாரும் அமுக்கவே இல்லை, எல்லாம் பத்திரமாகக் குழாய்க்குள் அடைத்துக்கொண்டு இருந்தன! போக வழியில்லாத வெள்ளம்தான் கரையை அறுத்திருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு நிலம் கிடையாது, சாக்கும் கிடையாது. ஆகவே எங்கள் ஊரில் வாய்விட்டுச் சிரித்தவன் நான் ஒருத்தன்தான்.

குழாய் ஒரு ஏப்பம் விட்டுத் திறந்துகொண்டது. ஆனால் அறுந்த கரை அறுந்ததுதானே? பாதித் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடியது.

"சாக்கு இருந்தா மண்ணள்ளிப் போட்டு அடைச்சிரலாம்..." என்று மாமா முனகினார். முனகியதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லார் கண்ணும் மதினி மேல் போனது.

மதினி வாய் திறக்குமுன், வாழ்நாளில் குரல் உயர்த்தாத அண்ணாச்சி கத்தினார்: "வண்டியப் பூட்டுங்கலே!"

வண்டி நிறைய வந்து இறங்கியது மதினியின் சாக்கு. பக்கத்து ஊர்க்காரர்களும், தங்கள் கண்மாய் ஏற்கெனவே நிறைந்துவிட்டதால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் அள்ளினார்கள். முதல் மூட்டையை மாமாவே தலையில் சுமந்து வந்தார். மதினி தண்ணீரில் நின்றபடி விரட்டினார்: "ஒட்டுப் போட்ட சாக்க முதல்ல போடுங்க, நல்லத வீணாக்காதீக! மழை நின்னதும் ஒண்ணு விடாம அலசிக் கொண்டாந்துரணும், ஆமா!"

உடைப்பு அடைந்தது. வெள்ளம் அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. பெண்கள் போட்ட குலவை பந்தல்குடி வரைக்கும் கேட்டிருக்கும். மழை விடுவதற்குள் கண்மாய் நிறைந்து மறுகால் வழிந்தது. அருப்புக்கோட்டைக் கடை வேண்டாம் என்று அண்ணாச்சி ஆள் சொல்லி அனுப்பினார்.

அறுவடை முடிந்ததும் கரையை மண்போட்டு நிரந்தரமாகக் கட்டினார்கள். சாக்குகள் திரும்பி வந்தன. மீன் போட்டதையெல்லாம் மாமா தன் கையாலேயே அலசிக் கொண்டுவந்து, தலையைச் சொறிந்துகொண்டு கொடுத்தார். பிறகு எங்கள் ஊரில் யாரும் உரச்சாக்கைத் தூர எறியவில்லை. மதினியின் அறை மறுபடி கூரைவரை நிறைந்தது, அண்ணாச்சி மறுபடி கடைப் பெஞ்சுக்கு வந்தார்.

"இன்னுமா அண்ணாச்சி பெஞ்சுல படுக்கிறீக? அந்தச் சாக்கத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு உள்ள படுக்கலாம்ல?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு சாய்ந்தார்.

"சாக்கு அங்கனயே படுத்திருக்கட்டும்லே தம்பி. அதுதான நம்ம கண்மாய்க்கரை."