கிணற்றுக்கு மேலால் போன எல்லை

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் புகுந்த கள்ளனைக்கூடக் காலப்போக்கில் மன்னித்துவிடுவார்கள். வேலியை ஒரு சாண் நகர்த்தியவனை மன்னிக்க மாட்டார்கள். இது தெரிந்திருந்தும் இருபது வயதில் நான் வேலி விஷயத்தில் விஞ்ஞானத்தைப் புகுத்தினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டக் காணி. தென்பாதி ஐயாவுக்கு, வடபாதி சித்தப்பாவுக்கு. இடையில் வேலி இல்லை (அண்ணனும் தம்பியும் அப்போது கதைத்துக்கொண்டிருந்தார்கள்). ஐயாவின் பாதியை அக்காவுக்குச் சீதனமாகக் கொடுப்பதென்று பேச்சு. மாப்பிள்ளை உடுப்பிட்டியில் வெங்காயப் பயிர் செய்கிறவர். அவருடைய தகப்பன் கேட்டது ஒன்றுதான்: "கிணறு காணிக்குள்ளை இருக்கோணும்."

பழைய வரைபடப்படி கிணறு எங்கள் பாதியின் வடக்கு விளிம்பில், எல்லைக்குச் சற்று உள்ளேதான் இருந்தது. தெற்குப் பக்கத்து ஒழுங்கையில், அதாவது சந்தில், இருந்த எல்லைக் கல்லிலிருந்து வடக்கே முந்நூறு அடி அளந்து எல்லையைக் குறித்து வேலி போட்டால் காரியம் முடிந்தது. ஆனால் எங்கள் பகுதிச் சேர்வேயர் கொழும்புக்குப் போனவர், போரில் பாதை பூட்டியதால் திரும்பவில்லை.

"நான் இருக்கிறன்" என்றேன். (யாரும் கேட்கவில்லை.) தொழில்நுட்பக் கல்லூரியில் நில அளவை படிக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இரவல் வாங்கிய நூறடி இரும்பு நாடா எப்போதோ நடுவில் அறுந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் ஆணி தறைந்து ஒட்டப்பட்டிருந்தது. அதில் ஒன்பது அங்குலம் போய்விட்டது. வேறொருவன் என்றால் வேறு நாடா தேடியிருப்பான். எனக்கோ திருத்தம் போடப் பிழையான நாடா கிடைத்ததில் பரம சந்தோஷம்.

இழுவைத் திருத்தத்துக்காக மீன் நிறுக்கும் வில்தராசைக் கொண்டுவந்தேன் (ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டார்). வெப்பத் திருத்தத்துக்காக வீட்டிலிருந்த காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உச்சி வெயிலில் நாடாவின் மேல் வைத்தேன்.

மற்ற நுனியைப் பிடித்திருந்த சித்தப்பா கேட்டார்: "தம்பி, உதுக்கு என்ன காய்ச்சலோ?"

"நூற்றெட்டுக் காட்டுது, சித்தப்பா."

"அப்ப கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கோணும்."

அதற்குள் தெர்மாமீட்டர் வெடித்துவிட்டது. வெப்பத்தால் வந்த திருத்தம் ஓர் அங்குலம்கூட இல்லை. அதை மயிரிழை சுத்தமாகப் போட்டேன். பிறகு ஒட்டுப்போட்ட நாடாவின் பெரிய திருத்தத்தை, வகுப்பில் சொன்னபடி, கழித்தேன்.

கணக்குப்படி இரு கரையிலும் முளை அடித்துக் கயிறு கட்டினோம். கயிறு கிணற்றுக்கு நடு மேலால் போயிற்று.

"தம்பி, கிணத்துக்கு மேலாலை எல்லோ போகுது?" என்றார் ஐயா.

"கணக்கு அப்பிடித்தான் சொல்லுது, ஐயா."

சித்தப்பாவுக்கு விஞ்ஞானத்தின்மேல் பக்தி வந்தது அந்த நிமிடத்தில்தான். "படிச்ச பிள்ளை பிழையாச் சொல்லுமே?" என்றவர், பொழுதுபடுவதற்குள் கிணற்றின் இரு பக்கமும் கட்டுவரை கதியால்களை நட்டுவிட்டார். கதியால் என்பது வேலிக்கு நடும் பச்சைத் தடி. வேர்விட்டால் கடவுள் வந்தாலும் பிடுங்க ஏலாது.

மறுநாள் மாப்பிள்ளையும் தகப்பனும் சைக்கிளில் வந்தார்கள். தகப்பன் கிணற்றைப் பார்த்தார்.

"உதென்ன, வேலி கிணத்துக்கை இறங்கிக் குளிக்குதோ?"

ஐயா என்னைப் பார்த்தார்.

"என்ரை பெடியனுக்கு அரைக் கிணறோ? நாங்கள் வாறம்." சைக்கிளைத் திருப்பினார். அக்கா தேத்தண்ணித் தட்டோடு காணி வாசலில் அப்படியே நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் மறித்தேன்.

"நில்லுங்கோ மாமா, விளங்கப்படுத்திறன்."

தடியால் மண்ணில் கீறிக் காட்டினேன். "நாடா குட்டை. குட்டை நாடாவாலை ஏற்கெனவே இருக்கிற தூரத்தை அளந்தா, விடை கூடுதலா வரும். அதாலை கழிக்கோணும். ஆனா, புதுசா ஒரு தூரத்தைக் குறிக்கேக்கை..."

நான் புதிதாகத்தான் குறித்திருந்தேன். தடி மண்ணிலேயே நின்றது.

"என்ன, நிப்பாட்டிப் போட்டீர்?"

"கூட்டியிருக்கோணும், மாமா." மூன்று தரம் இழுத்ததில் நாடா விழுங்கியது இரண்டேகால் அடி, நான் கழித்தது இன்னொரு இரண்டேகால் அடி.

சித்தப்பா பாய்ந்து வந்தார். "இல்லையில்லை, நேற்றுப் போட்ட கணக்குத்தான் சரி! தெர்மாமீட்டரே வெடிச்சது, அவ்வளவு சுத்தமான கணக்கு. நட்ட கதியாலைப் பிடுங்கிறது பாவம்."

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார், கிணற்றைவிடக் கூடுதல் நேரம்.

"அப்பு, தண்ணிக்கை வேலி இல்லைத்தானே? எங்கடை பக்கத்தாலை பைப்பை இறக்கினா முழுக் கிணத்துத் தண்ணியும் வரும்."

தகப்பன் யோசித்தார். சைக்கிளைக் கிணற்றுக் கட்டில் சாத்தினார். தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். அக்கா அடுத்த கோப்பையை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"சரி. ஆனா ஒரு கதை. உந்தத் தம்பி எங்கடை வளவுக்கை நாடாவோடை வரக்கூடாது."

சீதனம் பேசியதில் எங்கள் வீட்டில் ஒருவரும் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

கல்யாணம் நடந்தது. சித்தப்பாவின் கதியால்களும் தளிர்த்துவிட்டன. அக்காவும் அத்தானும் அந்தக் காணியிலேயே வீடு கட்டிக் குடியேறினார்கள். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும், நான் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், அத்தான் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"பிள்ளையள், மாமா வாறார்! ஓடிப்போய்க் கிணத்தைத் தூக்கி உள்ளுக்கை வையுங்கோ!"