விழிதியூர்க் கோட்டையின் தொன்மை

காரைக்கால் மாவட்டத்தில் கோட்டை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. பிரெஞ்சுக்காரன் கட்டினான், இங்கிலீஷ்காரன் வந்து இடித்தான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கோட்டை இல்லையே என்று எந்த நெல்லும் பால் பிடிக்காமல் நின்றதில்லை. விழிதியூர் நீலகண்டனும் தலை நரைக்கும்வரை அப்படியொரு குறை இருப்பது தெரியாமலே உழுது, நட்டு, அறுத்து வந்தார். அந்தக் குறையை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தவர் சம்பந்தி தியாகராசன்.

தியாகராசனுக்குக் காரைக்கால் டவுனில் வீடு. அவருடைய அண்ணன் பிரான்சிலேயே தங்கிவிட்டவர். அண்ணனைப் பார்க்கப் போனவரை மத்தியதரைக் கடலோரமாகக் காரில் ஏற்றி, 'கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய கோட்டைகள்' என்று இணையத்தில் யாரோ புண்ணியவான் எழுதி வைத்திருந்த அத்தனையையும் காட்டி அனுப்பியிருந்தார்கள். ஆள் ஊர் திரும்பிவிட்டார். பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை. கல்யாண வீடு, கருமாதி வீடு என்ற பேதமில்லாமல் செல்போனை எடுத்து நீட்டிவிடுவார். மகன் அறிவுச்செல்வனுக்காக நீலகண்டனின் மகள் சிவப்ரியாவைப் பெண் பார்க்க வந்த அன்றும், பெண்ணைப் பார்த்தது கொஞ்சம், கோட்டையைக் காட்டியதுதான் அதிகம்.

"இது மலை உச்சியில இருக்குங்க சம்பந்தி. இது கடலுக்குள்ளயே நிக்குது பாருங்க. இதுல மட்டும் முட்டி வலி, வாசலோட திரும்பிட்டேன். நீங்க எத்தனை கோட்டை பார்த்திருக்கீங்க?"

"தரங்கம்பாடிதாங்க. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க."

"அதைக் கோட்டைன்னு சொல்லக் கூடாதுங்க. கொஞ்சம் பெரிய வீடு."

நீலகண்டனுக்கு அந்தச் சொல் மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கல்யாணம் நிச்சயமாகி, வேலைக்காகப் பெங்களூர் திரும்பியிருந்த சிவப்ரியா அந்த நேரம் பார்த்துத்தான் போன் செய்தாள்.

"அப்பா, இப்பல்லாம் ரிசப்ஷனுக்கு ஏதாவது தீம் வைக்கிறாங்கப்பா. என் ஃபிரெண்டு ஒருத்தி ஏர்போர்ட் வெச்சா. வந்தவங்க எல்லாம் பெல்ட்டைக் கழட்டிக் காட்டிட்டுத்தான் பந்திக்குப் போனாங்க."

"நம்ம கோட்டை வைப்போம்மா" என்றார் நீலகண்டன்.

இடம், ரோட்டோரத்து மூன்று மா நிலம், ஏறக்குறைய ஓர் ஏக்கர். அவருக்கிருந்த நிலத்தில் நம்பிச் சாப்பிடக்கூடியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கீழண்டைப் பக்கம் உப்பேறி, விதைத்ததைத் திருப்பிக் கொடுத்தாலே பெரிது என்று கிடந்தது. சம்பா அறுத்த வயலில் அந்த வருஷம் உளுந்து தெளிக்கவில்லை.

"உளுந்து முளைக்கிற இடத்துல கோட்டையா?" என்றாள் மனைவி தையல்நாயகி.

"ஒரு வருஷம் இட்லி சாப்பிடலைன்னா செத்தா போயிடுவோம்?"

"கோட்டையைத் தொட்டுக்கிட்டா சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் புத்தியாகப் பேசுகிறவள் அவள்தான் என்பதால், யாரும் அவள் பேச்சைக் கேட்பதில்லை.

பந்தல்காரர் மருதையன் கெட்டிக்காரர். பொருட்காட்சி முகப்புக்கு விமானமும் போட்டிருக்கிறார், நாடாளுமன்றமும் போட்டிருக்கிறார். சம்பந்தியின் போனிலிருந்தே படத்தை வாங்கி, சவுக்குக் கம்பு, பிளைவுட், தெர்மாகோல் கொண்டு நாலு கோபுரத்தோடு மத்தியதரைக் கடலோரக் கோட்டை ஒன்றை எழுப்பிவிட்டார். ரிசப்ஷன் அமர்க்களமாக நடந்தது. தியாகராசன் ஒரு கோபுரத்தை விரலால் தட்டிப் பார்த்து, "அங்கேயும் தட்டினா இதே சத்தம்தான்" என்று சான்றளித்தார். அதன் முன்னால் நின்று எடுத்த படங்களைப் போனில் போட்டார். 'எந்த நாடு?' என்று கேட்டவர்கள் யாருக்கும் அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் கோட்டையைப் பிரிக்கச் சுத்தியலோடு வந்த மருதையன், வயலில் ஒரு ஜீப் நிற்பதைக் கண்டார். பக்கத்தில் அதிகாரி ராஜ்மோகன்.

ராஜ்மோகன், தொன்மைச் சின்னங்கள் கண்டறிதல் துறையின் துணை இயக்குநர். இவரும் மத்தியதரைக் கடலோரம் போய் வந்தவர்தான், ஆனால் அரசுச் செலவில். அங்குள்ள வரலாற்றுக் கோட்டைகளைப் பார்வையிட்டு, அதுபோல் இங்கேயும் ஒன்றைக் கண்டறிய வேண்டும் என்பது உத்தரவு. கண்டறிவதற்கான நிதியும் வந்துவிட்டது. மார்ச் மாதக் கடைசிக்குள் கோட்டை கிடைக்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும். இந்த நாட்டில் ஓர் அதிகாரி செய்யக்கூடிய ஒரே மன்னிக்க முடியாத குற்றம், வந்த நிதியைத் திருப்பி அனுப்புவது. பூவம் எல்லையிலிருந்து தொடங்கி மாவட்டம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடிச் சோர்ந்து வந்தவருக்கு, ரோட்டோரத்தில் நாலு கோபுரம் தெரிந்தால் கண் கலங்காமல் என்ன செய்யும்?

செய்தி கேட்டு நீலகண்டன் ஓடி வருவதற்குள் பலகை நட்டாகிவிட்டது. 'பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னம். சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்.'

"சார், இது போன வாரம் போட்டதுங்க."

"போன வாரம் எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"அந்த வெள்ளிக்கிழமை இனிமே வருமா?"

"அது எப்படிங்க வரும்?"

"அப்போ கடந்த காலம்தானே! தொன்மைன்னா இத்தனை வருஷம் ஆகியிருக்கணும்னு எங்க விதியில எங்கேயும் இல்லைங்க."

மருதையன் முன்னால் வந்தார். "சார், இது தெர்மாகோல். இதோ, நகத்தால கீறினா உதிருது பாருங்க."

"கீறாதீங்க! அங்கே ஒரு கோட்டையில மராமத்து நடக்குது. சாரம் கட்டி, துணி போட்டு மூடி, துணி மேல கோட்டைப் படத்தையே வரைஞ்சு வெச்சிருக்காங்க. வந்த கூட்டமெல்லாம் அந்தத் துணியைத்தான் படம் எடுத்துட்டுப் போகுது. துணிக்கே அவ்வளவு மரியாதைன்னா, பிளைவுட் எவ்வளவோ மேல் இல்லையா?"

மருதையன் கீறிய விரலை மடக்கிக்கொண்டார். அரசாங்கத்தோடு வாதாடித் தோற்பது சுலபம், அவர்கள் தப்பாகப் பேசினாலும் வரிசையாகப் பேசுகிறார்கள்.

மருதையன் மீது, சுத்தியல் சகிதம் சின்னத்தைச் சிதைக்க முயன்றதாக வழக்குப் போடுவதாக இருந்தது. அவரைவிட்டால் கோட்டையைப் பழுது பார்க்க ஆளில்லை என்று தெரிந்ததும், அவரையே 'மரபுப் புனரமைப்பு வல்லுநர்' என்று மாதச் சம்பளத்தில் நியமித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கும் கோட்டையின் வயது பற்றி ஞாபகமறதி வந்துவிட்டது. கோடை மழையில் ஒரு கோபுரம் நனைந்து சாய்ந்தது. அதை நிமிர்த்தப் போனவரை ராஜ்மோகன் தடுத்தார். இடிபாடு இருந்தால்தான் பார்வையாளர்கள் நம்புவார்கள் என்பது அவர் வெளிநாட்டில் கற்று வந்த பாடம்.

கோட்டையின் பின்பக்கம் மணமக்கள் பெயர் போட்ட பலகை ஒன்று கழற்றப்படாமல் கிடந்தது. அதைத் துறை 'கல்வெட்டு' என்று பதிவு செய்து நிபுணருக்கு அனுப்பியது. சிவப்ரியா என்னும் அரசி, அறிவுச்செல்வன் என்னும் சிற்றரசனை மணந்தது குறித்த அரிய சான்று என்று பதில் வந்தது, பேப்பரிலும் வந்தது.

"அப்பா, நான் செத்து முந்நூறு வருஷம் ஆச்சாமே?" என்று சிவப்ரியா போனில் கேட்டாள். "ஆபீஸ்ல கேக்குறாங்கப்பா."

"அறிவு என்ன சொல்றாரு?"

"சிற்றரசன்னு போட்டது பிடிக்கலையாம். பேரரசன்னு திருத்தச் சொல்றாரு."

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், முதல் இரண்டு மாதம் நீலகண்டனுக்கும் இது கசக்கவில்லை. டீக்கடையில் 'கோட்டைக்காரர் வர்றாரு, நகருங்க' என்றார்கள். வேலிக்கு வெளியே நின்று தன் வயலைப் பார்க்கும்போதுகூட நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. உள்ளூர்க்காரர்களுக்குத் திங்கட்கிழமை இலவச அனுமதி. திங்கட்கிழமை கோட்டைக்கு வார விடுமுறை.

மேட்டூர் திறந்த செய்தி வந்ததும் அந்த நிமிர்வெல்லாம் இறங்கிவிட்டது. தண்ணீர் கடைமடைக்கு வர எப்படியும் நாளாகும், வராமலும் போகும். வந்தால் வயல் கையில் இருக்க வேண்டும். தையல்நாயகி விதைநெல் மூட்டையைப் பிரித்துக் காயவைத்துவிட்டு, காக்கையை ஓட்டுகிற கோலால் வாசலைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "இந்த வருஷம் அரிசி எங்கே வாங்குறதுங்க? கோட்டுச்சேரியிலயா, டவுன்லயா? இப்பவே சொல்லிடுங்க."

நீலகண்டன் வெட்கத்தை விட்டு மனுக் கொடுத்தார். மனு பல மேசைகளில் இளைப்பாறிவிட்டு, நௌஷின் என்ற பெண் மேலதிகாரியின் கைக்கு வந்தது. நௌஷின் நேரில் வந்து கோட்டையைச் சுற்றிப் பார்த்தார். சாய்ந்த கோபுரத்தில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்ததை நீலகண்டன் பார்த்துவிட்டார். அரசாங்கத்தில் சிரிக்கத் தெரிந்த ஆளும் இருக்கிறார் என்று தெரிந்ததே அவருக்குப் பாதி வயல் கிடைத்த மாதிரி இருந்தது.

"ஐயா, வர்ற ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரங்ககிட்ட கருத்து கேக்குறோம். ராஜ்மோகன் ஃபைல்ல எல்லாம் இருக்கு, இது பழசுன்னு உள்ளூர்க்காரர் சொன்ன சாட்சி மட்டும் இல்லை. நீங்க மைக்குல எழுந்து, இதை எப்போ போட்டீங்கன்னு ஒரு வரி சொல்லிடுங்க. மறுநாளே வயலை உழலாம்."

"பழசுன்னு யாராவது சொல்லிட்டாங்கன்னா?"

"நிலம் துறைக்குப் போயிடும். உங்க நிலத்தைப் பத்தி வேற யாருங்க சொல்லப் போறாங்க?"

நீலகண்டனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நேரே போய் டிராக்டருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை முன்னால் ஷாமியானா. போட்டவர் மருதையன். விழிதியூரே வந்திருந்தது. நௌஷின் நடுவில், ராஜ்மோகன் ஓரத்தில் வாடிய முகத்தோடு. கூட்டம் ஆரம்பிக்கும் நேரத்தில் வேன் ஒன்று வந்து நின்றது. தியாகராசன் இறங்கினார். பின்னாலேயே, கல்யாணத்துக்கு வர முடியாமல் போன பிரான்ஸ் அண்ணன் தொப்பியும் கருப்புக் கண்ணாடியுமாக, அவர் மனைவி, மக்கள், மாப்பிள்ளை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

பிரான்ஸ் அண்ணன் நீலகண்டனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அங்கே அம்பது வருஷமா ஊரான் கோட்டையைத்தாங்க சுத்திச் சுத்திப் பார்த்தேன். சொந்தக் கோட்டை வெச்சிருக்கிற ஒரு மனுஷனை இன்னிக்குத்தான் பார்க்குறேன். தம்பி சொன்னப்போ நான் நம்பலை."

"நான்தான் சொன்னேனே, பரம்பரைக் கோட்டைன்னு" என்றார் தியாகராசன். சொல்லும்போது அவர் கண் சம்பந்தியிடம் கெஞ்சியது.

"நீலகண்டன் ஐயா, வாங்க" என்று நௌஷின் கூப்பிட்டார்.

"போன மாசியில போட்டதுன்னு சொல்லிட்டு உடனே உக்காந்துடுங்க" என்று தையல்நாயகி காதோடு சொன்னாள்.

நீலகண்டன் மைக்கைப் பிடித்தார். எதிரே கருப்புக் கண்ணாடி. அதற்குள் குட்டியாக நாலு கோபுரம் தெரிந்தது, அதற்கு முன்னால் அவரும் தெரிந்தார். மூன்று கோபுரம் நேராக நின்றன. ஜோராகத்தான் இருந்தது. 'போன மாசியில' என்று வாய் வரை வந்தது. தெர்மாகோல் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த வேனில் எல்லோரும் எப்படித் திரும்பிப் போவார்கள் என்று நினைத்தார். கொஞ்சம் பெரிய வீடு.

"எங்க பூட்டன் காலத்துல கட்டினதுங்க" என்றார் நீலகண்டன்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மருதையன்தான் கடைசிவரை தட்டினார். நௌஷின் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"எங்க அப்பாரே சொல்லியிருக்காருங்க" என்றார் அவர். நௌஷின் வேறு வழியில்லாமல் எழுதிக்கொண்டார். தையல்நாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் போனது மூன்று மா. பக்கத்து வயல்காரர் மாரிக்கண்ணு எழுந்தார். டீக்கடையில் 'நகருங்க' என்று சொல்லப்பட்ட நாளிலிருந்து அவர் நீலகண்டனோடு பேசுவதில்லை.

"அம்மா, கோட்டை மட்டும் எழுதினா எப்படிங்க? கோட்டைன்னா அகழி வேணும்ல? அந்த அகழி எங்க வயல்லதான் இருந்துச்சு. எங்க பாட்டன் அதுல முதலையே வெச்சிருந்தாரு."

"யானைக் கொட்டாரம் எங்க நிலங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சுரங்கப்பாதை எங்க வயலுக்கு அடியிலதான் போவுது. எங்க கோவில் வரைக்கும் போவுது!"

"அந்தப்புரம் எங்களுது. எங்களை விட்டுட்டுப் பேசினா நல்லாயிருக்காது, சொல்லிப்புட்டேன்!"

விழிதியூரில் அன்று யாரும் யாருக்கும் இளைத்தவர்களாக இல்லை. நௌஷின் போதும் போதும் என்று கையைக் காட்டியும் யாரும் கேட்கவில்லை, எழுதிக்கொள்ளாவிட்டால் மேலே புகார் போகும் என்றார்கள். பொழுது சாய்வதற்குள் ஊரின் நஞ்சை முழுவதும் கோட்டைக்குள் வந்துவிட்டது. ராஜ்மோகனுக்குப் பதவி உயர்வும் வந்தது.

அந்த வருஷம் பார்த்து, எந்த வருஷமும் இல்லாத அதிசயமாக, கடைமடைக்குத் தண்ணீர் சொன்ன நாளில் வந்தது. வாய்க்கால் கரை ததும்ப வந்தது. துறையினர் மதகைத் திறந்து, அதை அப்படியே மாரிக்கண்ணுவின் வயலில் வெட்டிய அகழிக்குத் திருப்பிவிட்டார்கள். படகு விடப் போகிறார்களாம். ஊர் முழுக்கக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது.

"எவ்வளவு தண்ணிங்க!" என்றாள் தையல்நாயகி. "நாத்து விட்டிருந்தா..."

"கொஞ்சம் பேசாம நில்லு தையலு" என்றார் நீலகண்டன், தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே. "சம்பந்தி படம் எடுக்குறாரு."