முன்னூற்றுப் பன்னிரண்டு விரிசல்களும் ஒரு செவ்வாய்க்கிழமையும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதுவது. வீடு நிற்கிறது. அத்தை நலம். மகள் வீட்டில் நீங்களும் பேத்தியும் நிம்மதியாக இருக்க வேண்டுகிறேன். குறைந்தபட்சம் இக்கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை.

பக்கத்து மனையில் குழி தோண்டிய நாள் முதல் நம் சுவர் விரிசல்களை நீங்கள் எடுத்த படங்கள். முன்னூற்றுப் பன்னிரண்டு. தோண்டத் தோண்ட விரிசல் நீண்டது என்பதற்கு அவற்றின் தேதி வரிசைதான் சாட்சி. கேமரா பதித்த தேதி, இடம் போதவில்லை என்று நீங்கள் அன்றன்றே படங்களைச் சுருக்கியதில் போயிற்று. மிஞ்சியது கோப்பின் தேதி.

அதை நான் கொன்றேன்.

உங்கள் கணினியிலிருந்து பென்டிரைவ், பென்டிரைவிலிருந்து என் கணினி, உங்களுடையது மேக், என்னுடையது விண்டோஸ், இரண்டு கணினியும் வேறு வேறு இனம் என்று தெரிந்தும் இழுத்துப் போட்டேன், எல்லாத் தேதியும் செவ்வாய்க்கிழமை மூன்று பத்து ஆகிவிட்டது, போதாததற்குப் படத்துக்கு ஒன்றாகப் புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒரு நிழல் கோப்பு வேறு, திறந்தால் ஒன்றுமில்லை, சரி குப்பை என்று அழித்துத் தொலைத்தேன், அப்புறம்தான் தெரிகிறது, ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் எழுதிச் சேர்த்த குறிப்பெல்லாம் அதற்குள்தான் இருந்ததாம். இது தெரியாமல் படங்களின் தேதிப் பட்டியலைப் பக்கத்து மனையில் குழி தோண்டும் பொறியாளரிடம் நீட்டியிருந்தேன்.

"ஒரே நிமிஷத்துல முன்னூறு விரிசலா? பூகம்பம் வந்துதா தம்பி? எங்களுக்கு யாரும் சொல்லலையே."

திங்கட்கிழமைவரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் நிரூபிக்காவிட்டால் குழி இன்னும் பத்தடி இறங்கும். உங்கள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அத்தை எட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் படிச்ச புள்ள, தேதி தெரியாம முழிக்கிறியே!"

குத்தல். தாங்கிக்கொண்டேன்.

நல்லவேளை, உங்கள் கணினியில் அசல் அப்படியே இருந்தது. அங்கேயே எல்லாவற்றையும் ஒரே ஜிப் பொட்டலமாகக் கட்டினேன். குறிப்புகளைத் தனிப் பட்டியலாக எழுதி உள்ளே வைத்தேன். என் கணினியில் பிரித்தேன். ஒவ்வொரு தேதியும் தன் இடத்தில். அழுகை வந்தது.

இன்று பொறியாளர் ஒப்புக்கொண்டார். குழி வேலை நின்றது. மண் சரியாமல் தடுப்புச் சுவர் கட்டிய பிறகே இனித் தோண்டுவார்களாம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்களுக்கு வணக்கம், பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்

பின்குறிப்பு: பொறியாளர் என் பட்டியலைப் பார்க்கவே இல்லை. முதல் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். விரிசலின் நுனியில் சின்னப் பென்சில் கோடு. பக்கத்தில் தேதி. அத்தையின் கையெழுத்து. முன்னூற்றுப் பன்னிரண்டிலும். நான் ஒரு படத்தையும் திறந்ததில்லை, மாமா. "ஏன் அத்தை சொல்லல?" என்றேன். "சுவர்லதான எழுதியிருக்கேன். இதவிடப் பெருசா எங்கடா எழுதறது?"