என் மூஞ்சியைப் பார்த்தவர்கள்

ஸ்கெலட்டன் லைன், கே.ஜி.எஃப்.
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் சௌந்தரராஜன் அவர்களுக்கு, ராஜப்பா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை பாக்யலட்சுமி சுகம், அவள் முழங்கால் மட்டும் சுகமில்லை. குடியாத்தத்தில் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலம்தான், என் மூஞ்சியால்தான் தொல்லை.

நம் பவ்யா பெங்களூர் வேலைக்கு தினமும் ரயிலில் போய் வந்தே பாதியாகிவிட்டாள். அங்கேயே ஒரு மாடி அறை பார்த்தாள். வீட்டுக்காரர் மஞ்சுநாத், அப்பாவைப் பார்க்காமல் தரமாட்டேன் என்றாராம். வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினேன். உங்கள் தங்கை, "வெள்ளையில இன்னும் கறுப்பா தெரியிறீங்க, மாத்துங்க" என்றாள். கறுப்புச் சட்டைக்கு மாறினேன், சனி பிடித்தது. ரயிலில் மூணு பேர் உட்கார்ற சீட்ல நான் ஒருத்தன், மத்தவங்க எல்லாம் நின்னுக்கிட்டு வர்றாங்க. "உக்காருங்கப்பா" என்றால், "பரவால்லண்ணா" என்று இன்னும் தள்ளிப் போகிறார்கள். ஸ்டேஷனில் காத்திருந்த பவ்யா அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்தார். என் ஆறடி உயரத்தையும் மீசையையும், தூசி ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் சிவந்தே இருக்கிற கண்ணையும் பார்த்து, திறந்த வேகத்தில் மூடினார்.

மஞ்சுநாத் வந்தார். "எந்த ஊர் சார்?"

"கே.ஜி.எஃப்."

அவர் முகம் வெளிறியது. சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் எங்கள் ஊர்ப் பால்காரன்கூட துப்பாக்கி வைத்திருப்பதாக எல்லாரும் நம்புகிறார்கள்.

"என்ன வேலை பண்ணீங்க?"

"ஸ்கூல்ல பாட்டு வாத்தியார்."

"நிஜத்தைச் சொல்லுங்க சார், வெளியே சொல்லமாட்டேன்."

பவ்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாப்பா பாத்துக்கினு இருக்கே, பாடிக் காட்டு!"

அறை போய்விடுமே என்ற பயத்தில் ஒரு தாலாட்டு பாடினேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, போனில் எல்லாரும் "சொல்லுங்க மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மஞ்சுநாத் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்த அம்மா காபியோடு வந்தார். அறை கிடைத்தது.

கிளம்பும்போது மஞ்சுநாத் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "பக்கத்து வீட்டுக்காரன் என் கேட்டை மறைச்சே காரை நிறுத்தறான் சார். அப்பப்போ வந்து அங்க நில்லுங்க. வாயை மட்டும் திறந்துடாதீங்க."

முடியாது என்று சொல்லத் திரும்பினேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரன் என்னைப் பார்த்துவிட்டுக் காரை எடுத்தே விட்டான்! மஞ்சுநாத் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். எனக்கோ அழுகையே வந்துவிட்டது மச்சான். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு சரிகம சொல்லிக் கொடுத்தவனுக்கு இதுவா மரியாதை? மூஞ்சியைப் பார்த்து மனுஷனை எடை போடுகிறவன் எவனும் இனி என் வாசற்படி மிதிக்கக் கூடாது.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகள் நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த
ராஜப்பா

பி.கு: பவ்யாவுக்காக நீங்கள் அனுப்பிய மாப்பிள்ளை போட்டோ வந்தது. தோள்வரை முடி, காதில் கடுக்கன். பல் டாக்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், யார் நம்புவது? பார்த்தாலே தெரிகிறது, கஞ்சா கேஸ். கொஞ்சம் சிவப்பாக, லட்சணமாக வேறு பையன் பாருங்கள்.